எண்ணிக்கையும் எதிர்ப்புச் சக்தியும்

மெக்ஸிகோ தேசத்துக்கு மேற்கே, பசிபிக் சமுத்திரத்தில், கரையிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில், குவாடலூப் என்றோர் எரிமலைத் தீவு இருக்கிறது. 1892-ஆம் வருஷம் சார்ல்ஸ் டௌன்ஸெண்டு என்ற அமெரிக்கப் பிராணி சாஸ்திரி அத்தீவில் இறங்கியபோது, பூமியிலிருந்தே மறைந்து போயிற்று என்று அறிஞர்கள் முடிவு கட்டிவிட்டிருந்த வட யானை சீல் என்னும் பிராணிகளில் சில, உயிரோடு மணலில் படுத்துக் கிடக்கக் கண்டார். கண்டவர் ஆனந்தப்பட்டுத் திரும்பிவிடவில்லை. அவற்றுள் ஏழைக் கொன்று, தோலையும் எலும்பையும் காட்சிச் சாலைக்கென்று எடுத்துக்கொண்டு போனார். அழியப் போகிற பிராணியின் மாதிரி, அது அழிவதற்குள் நம் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது அக்காலத்து விஞ்ஞானத்தின் நியாயம். அந்த நியாயத்தை இன்று நாம் எள்ளி நகையாடலாம். ஆனால் அவர் கண்ணில் படாமல் எங்கோ கடலில் மேய்ந்துகொண்டிருந்த இன்னும் சில சீல்கள் இல்லாதிருந்தால், நகையாடுவதற்கும் நமக்கு ஒரு கதை மிஞ்சியிராது.

கதையின் பிற்பகுதி மகிழ்ச்சி தருவது. விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகவும் யந்திரங்களுக்கு இடும் எண்ணெய்க்காகவும் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டுக் கொழுப்பு உருக்கப்பட்ட இப்பிராணியை 1922-இல் மெக்ஸிகோ அரசாங்கம் சட்டத்தால் காத்தது. குவாடலூப்பில் எஞ்சிய சிறு கூட்டம் பல்கிப் பெருகி, கலிபோர்னியாக் கரை நெடுகப் பரவி, இன்று இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையாகிவிட்டது. எண்ணிக்கையை மட்டும் கணக்கிலெடுக்கும் ஒருவர், வனவிலங்குப் பாதுகாப்பின் சரித்திரத்திலேயே இதைவிடப் பெரிய வெற்றி வேறில்லை என்று எழுதி ஏட்டை மூடிவிடுவார். அப்படி மூடுவதற்கு முன், 1974-இல் போனல், ஸிலாண்டர் என்ற இரு விஞ்ஞானிகள் செய்த சோதனையையும் அவர் பார்த்திருக்க வேண்டும். வெவ்வேறு ஐந்து கூட்டங்களைச் சேர்ந்த 159 சீல்களின் ரத்தத்தை எடுத்து, அதில் உள்ள புரதங்களைப் படைக்கும் 24 மரபணு இடங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஓர் இடத்திலாவது ஒரு சீலுக்கும் மற்றொரு சீலுக்கும் அணுவளவு வித்தியாசம் தென்படவில்லை. தாய்வழியாக மட்டும் சந்ததிக்கு இறங்கும் மரபுப் பொருளைப் பின்னர் சோதித்தவர்களுக்கும் இரண்டே இரண்டு கிளைகள்தாம் கிடைத்தன.

அதாவது, உடல்கள் திரும்பி வந்துவிட்டன. வேற்றுமை திரும்பி வரவில்லை. ஒரு கூட்டம் மிகச் சிறுத்துப் போகும்போது அதனோடு மடியும் மரபணு வடிவங்களை மீண்டும் சிருஷ்டிக்கப் பிரகிருதிக்கு இருக்கும் வழி, தலைமுறை தலைமுறையாக அங்கொன்றும் இங்கொன்றுமாக நேரும் தற்செயலான மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு வருவது ஒன்றே. அதற்கு நூறு வருஷம் ஒரு பொழுது அல்ல. யானை சீல்களின் குடும்ப வழக்கமும் இவ்விஷயத்தில் அவற்றுக்குச் சத்துருவாயிற்று. பலத்த ஆண் ஒன்று கரையில் ஒரு பெருங்கூட்டம் பெண்களைத் தன் வசப்படுத்திக்கொண்டு மற்ற ஆண்களை விரட்டிவிடுவதால், எஞ்சிய சொற்ப ஆண்களுக்குள்ளும் ஓரிரண்டின் வம்சமே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த வேற்றுமைக் குறைவு எந்த வகையில் அபாயம் என்று கேட்கலாம். எல்லா மரபணுக்களிலும் அது சமமான அபாயம் அன்று. கண்ணின் நிறத்திலோ ரோமத்தின் அடர்த்தியிலோ ஒரு கூட்டம் முழுவதும் ஒன்றுபோல இருந்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. நோயை அடையாளம் கண்டுகொள்ளும் மரபணுக்களில் ஒன்றுபோல இருப்பதுதான் கவலைக்குரியது. முதுகெலும்புள்ள பிராணிகளின் உடலில் அந்த வேலைக்கென்றே ஒரு மரபணுத் தொகுதி இருக்கிறது. 1936-இல் லண்டனில் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்த பீட்டர் கோரர் அதன் முதல் தடயத்தைக் கண்டார். 1958-இல் பாரிஸ் நகரில் ழான் தோஸே மனிதரிடத்தில் அதைக் கண்டார். 1980-இல் தோஸேக்கும் அமெரிக்கரான ஜார்ஜ் ஸ்நெல், பாருக் பெனாசெராஃப் ஆகியோருக்கும் இத்துறைக்காக நோபல் பரிசு கிடைத்தது. ஒருவர் உடலில் இன்னொருவரின் திசு பொருந்துமா என்பதை முடிவு செய்வது இத்தொகுதி ஆகையால் ‘திசுப் பொருத்தத் தொகுதி’ என்று அதற்குப் பெயர் ஏற்பட்டது. விஞ்ஞானிகள் சுருக்கமாக எம்.எச்.சி. என்பார்கள். சிறுநீரகம் மாற்றிக்கொள்ளக் காத்திருப்பவருக்குத் தகுந்த தானம் கிடைப்பது ஏன் இத்தனை சிரமமாக இருக்கிறது என்பதை அறிந்த எந்தக் குடும்பத்தாரும், பெயரை அறியாமலே இத்தொகுதியோடு பழகியவர்கள்தாம்.

ஆனால் பிரகிருதி இதைச் சத்திர சிகிச்சை நிபுணர்களைத் துன்புறுத்துவதற்காக உண்டாக்கி வைக்கவில்லை. உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவும், தனக்குள்ளே நிகழ்வதையெல்லாம் வெளியே அறிவித்துக்கொண்டிருக்கக் கடமைப்பட்டது. உள்ளே இருக்கும் புரதங்களைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, இத்தொகுதியின் மரபணுக்கள் செய்து கொடுக்கும் ஒரு மூலக்கூற்றின் பள்ளத்தில் ஏந்தி, விருந்தாளிக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கை வைத்து வாசலில் நீட்டுவதுபோல உயிரணு தன் மேற்புறத்தில் நீட்டுகிறது. அவ்வழியே ரோந்து வரும் வெள்ளை அணுக்கள், நீட்டப்பட்ட துணுக்கு உடலுக்குச் சொந்தமானதா, வைரஸ் போன்ற அந்நியப் பொருளின் பகுதியா என்று பார்க்கின்றன. அந்நியமானால் அந்த உயிரணுவை அப்போதே அழிக்கின்றன. 1970-களில் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில் பீட்டர் டோஹர்ட்டியும் ரால்ஃப் ஸிங்கர்நாகலும் கண்டறிந்து, 1996-இல் நோபல் பரிசு பெற்ற உண்மை இதுவே: நோய்க்கிருமியை வெள்ளை அணு தனியாக அடையாளம் காண்பதில்லை, தன் உடலுக்குரிய ஏந்தியின் மேல் வைத்து நீட்டினால்தான் காண்கிறது.

இங்கேதான் வேற்றுமையின் அவசியம் வருகிறது. பள்ளத்தின் வடிவம் எப்படியோ அப்படிப்பட்ட துணுக்குகளே அதில் பொருந்தும். ஒரு வைரஸின் எந்தத் துணுக்கும் பொருந்தாத பள்ளத்தை உடைய உயிரணு, தன் வீட்டுக்குள் திருடன் புகுந்ததை வெளியே சொல்லத் தெரியாத ஊமையாகிவிடுகிறது. தாயிடமிருந்து ஒரு வடிவத்தையும் தந்தையிடமிருந்து வேறொரு வடிவத்தையும் பெற்ற பிராணி, ஒரே வடிவத்தை இருபுறமும் பெற்ற பிராணியைவிட அதிக வகைக் கிருமிகளை அடையாளம் காணும். தனி உடலுக்குச் சொன்னது கூட்டத்துக்கும் பொருந்தும்: பல வடிவங்கள் கலந்து கிடக்கும் கூட்டத்தில் ஒரு புதிய கொள்ளை நோய் புகுந்தால் சில மடியும், சில மீளும், மீண்டவற்றின் சந்ததி தொடரும்; ஒரே வடிவம் நிறைந்த கூட்டத்தில், ஒன்றை வீழ்த்தக் கற்றுக்கொண்ட கிருமி அத்தனையையும் வீழ்த்தக் கற்றுக்கொண்டதாகும். மனித குலத்தில் மாத்திரம் இத்தொகுதியில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன என்றால், கிருமிகளோடு நம் முன்னோர் நடத்திய யுத்தம் எவ்வளவு நீண்டது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கடலில் வாழும் பாலூட்டிகளுக்கு இந்த நியதி பொருந்தாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1989-இல் சில பெருந்திமிங்கிலங்களைச் சோதித்தவர்களும், அதற்குச் சில வருஷங்களுக்குப் பின் தென் யானை சீல்களைச் சோதித்தவர்களும் இத்தொகுதியில் மிகக் குறைந்த வேற்றுமையையே கண்டார்கள். அதன்மேல், உப்பு நீரின் விசாலத்தில் பிராணிக்குப் பிராணி நோய் தொற்றுவது அரிது, ஆகவே கடல் ஜீவன்களுக்குப் பலவகை ஏந்திகள் வேண்டியதில்லை என்றொரு சித்தாந்தம் எழுந்தது. கேட்பதற்கு அழகான சித்தாந்தம். ஆனால் சோதனை முறைகள் நுட்பமாக ஆக, திமிங்கிலங்களிலும் டால்பின்களிலும் மறைந்திருந்த வடிவங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அதற்குள் கடலே தன் சாட்சியைச் சொல்லிவிட்டிருந்தது.

1988-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், டென்மார்க் தேசத்தைச் சேர்ந்த ஆன்ஹோல்ட் என்ற சிறு தீவில், ஹார்பர் சீல்கள் குறை மாதத்தில் குட்டிகளை ஈன்று விட்டுச் செத்து ஒதுங்கின. சில மாதங்களுக்குள் வட கடலின் கரைகளிலெல்லாம், மூச்சுத் திணறி, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, 18,000-க்குக் குறையாத சீல்கள் மாண்டன. காரணம், மனிதரிடத்தில் தட்டம்மையையும், நாய்களிடத்தில் டிஸ்டெம்பரையும், நம் கிராமத்துக் கிழவர்கள் இன்றும் அச்சத்தோடு நினைவு கூரும் மாட்டு வெக்கை நோயையும் உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த, அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ். 2002-இல் அதே ஆன்ஹோல்ட் தீவில் தொடங்கி அதே நோய் மறுபடியும் வந்து, முன்னிலும் அதிகமாக, முப்பதாயிரம் வரையில் கொன்றது. அருகிலேயே வாழும் சாம்பல் சீல்களை அது ஏறக்குறைய தொடாமலே போனது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரே நீர், ஒரே கிருமி, ஆனால் உடலுக்கு உடல் விதி வேறு.

அந்த 1988 நோய்க்குப் பிறகு டச்சு விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்காட்லாந்துக் கரையில் பிடித்த 22 இளம் சீல்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஹெர்ரிங் மீனையும், மற்றொன்றுக்கு ஆலைக் கழிவுகள் கலந்த பால்டிக் கடலின் ஹெர்ரிங் மீனையும் இரண்டு வருஷத்துக்கு மேலாக ஊட்டி வளர்த்தார்கள். பால்டிக் மீனைத் தின்றவற்றின் வெள்ளை அணுக்கள் சோர்ந்து போயின. ஆகவே மரபணு எவ்வளவு உயர்ந்ததானாலும் உடலில் நஞ்சு சேர்ந்தால் அது தன் வேலையைச் செவ்வனே செய்யாது. மரபணுவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் இச்சோதனையை மறந்துவிடும் வழக்கம் உண்டாகையால் இங்கே குறிப்பிட்டேன்.

பல் உள்ள திமிங்கிலங்களுக்கும் டால்பின்களுக்கும் வேறொரு குறையும் இருப்பது 2015-இல் தெரிய வந்தது. பெரும்பாலான பாலூட்டிகளில் வைரஸ்களை எதிர்க்கும் எம்.எக்ஸ். என்ற மரபணுக்கள் இரண்டு உண்டு. இவ்வினத்தின் பொது மூதாதை மூன்று கோடி வருஷங்களுக்கு முன்னரே அவ்விரண்டையும் இழந்துவிட்டது. ஏன் இழந்தது என்பது ஊகத்துக்கே இடம் தருவது. அவற்றை இழந்தும் இவ்வினம் இத்தனை காலம் செழித்திருப்பது, எதிர்ப்புச் சக்தி என்பது ஒரு மரபணுவின் காரியம் அன்று என்பதற்கு அத்தாட்சி.

இனி, இன்றைய உலகில் அழிவின் விளிம்புக்கு மிக அருகில் நிற்கும் கடற்பாலூட்டியிடம் வருவோம். மெக்ஸிகோவின் கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் மட்டும், ஒன்றரை மீட்டர் நீளமே உள்ள, கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கருவளையம் கொண்ட, வாக்கீட்டா என்னும் சிறிய கடற்பன்றி வாழ்கிறது. 1958-இல்தான் விஞ்ஞானம் அதற்குப் பெயர் சூட்டியது. 1997-இல் கணக்கெடுத்தபோது 567 இருந்தன; 2015-இல் அறுபதை ஒட்டி வந்தது; 2023-இல் பத்தைச் சுற்றி நின்றது. அதை யாரும் வேட்டையாடவில்லை. டோடுவாபா என்ற பெரிய மீனின் காற்றுப்பைக்குச் சீனத்தில் கிடைக்கும் அபாரமான விலைக்காகத் திருட்டுத்தனமாக விரிக்கப்படும் செவுள் வலைகளில் சிக்கி, மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது.

2007-இல் மெக்ஸிகோ விஞ்ஞானிகள் வாக்கீட்டாவின் திசுப் பொருத்தத் தொகுதியில் இரண்டு இடங்களை ஆராய்ந்தார்கள். டி.க்யூ.பி. என்ற இடத்தில் சோதித்த 25 பிராணிகளுக்கும் ஒரே வடிவம். டி.ஆர்.பி. என்ற இடத்தில் சோதித்த 29 பிராணிகளுக்குள் இரண்டே வடிவங்கள். அவ்விரண்டுக்கும் இடையிலும் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. இதைவிட ஏழ்மையான நிலையைக் கற்பனை செய்வது கடினம். ஆயினும் அந்த ஆராய்ச்சியாளர்கள் கவனித்த மற்றொரு விஷயம் என் மனத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வாக்கீட்டாவின் வடிவங்கள், பூமத்திய ரேகைக்குத் தெற்கே பெரு, சிலி தேசங்களின் கரையோரம் வாழும் அதன் நெருங்கிய உறவான பர்மைஸ்டர் கடற்பன்றியிடத்திலும் அப்படியே காணப்பட்டன. இரு இனங்களும் பிரிந்து யுகங்கள் ஆகிவிட்டன. இடையில் எத்தனையோ மரபணுக்கள் உருமாறிவிட்டன. இவை மட்டும் மாறாமல் கையளிக்கப்பட்டு வந்திருக்கின்றன. சிறு கூட்டத்தில் எந்த வடிவம் நிலைக்கும், எது மறையும் என்பதைப் பெரும்பாலும் தற்செயலே தீர்மானிக்கும். அப்படியிருந்தும் இரண்டாவது வடிவத்தை டி.ஆர்.பி. இடத்தில் அழியவிடாமல் நோயின் நெருக்கடி பிடித்து வைத்திருக்கிறது என்பது அவர்கள் கொண்ட முடிவு.

வாக்கீட்டாவுக்கு எத்தனை சந்ததியில் இந்த ஏழ்மை வந்தது? வலைகள் வந்த பிறகுதானா? 2022-இல் 20 வாக்கீட்டாக்களின் மரபணுத் தொகையை முழுவதும் படித்தவர்கள், ‘இல்லை’ என்கிறார்கள். இரண்டு லட்சம் வருஷங்களுக்கு மேலாகவே இவ்வினம் சில ஆயிரங்களுக்கு மேல் பெருகாமல் ஒரு மூலையில் வாழ்ந்து வந்திருக்கிறது. சிறு குடும்பத்துக்குள்ளேயே மணம் செய்து வந்ததால் தீய மரபணு மாற்றங்கள் அடிக்கடி வெளிப்பட்டு, அவற்றைத் தாங்கிய குட்டிகள் பிழைக்காமல் போய், பெருந்தீங்கு விளைவிப்பவை பெரும்பாலும் கழிந்து போயின. மார்புத் துடுப்பின் எலும்பில் ஓர் ஆறாவது விரல் போன்ற விநோதங்கள் இன்னும் தங்கியிருக்கின்றன. அவை நீந்துவதற்குத் தடையாக இல்லை. எஞ்சிய பத்தை வைத்துக் கணிப்பொறியில் எதிர்காலத்தைக் கணித்துப் பார்த்தபோது, வலைச் சாவு அடியோடு நின்றுவிட்டால் அடுத்த 50 வருஷத்தில் இனம் அழிவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு ஆறுதான் என்று வந்தது. வலைச் சாவில் நூற்றுக்கு எண்பது பங்கு குறைந்தால் போதும் என்று திருப்திப்பட்டுக்கொண்டாலோ, அவ்வாய்ப்பு நூற்றுக்கு அறுபதைத் தாண்டிவிடுகிறது.

இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. ‘மரபணு வறண்டுபோன இனம்; இனிமேல் காப்பாற்றிப் பயனில்லை’ என்று சொல்லும் குரல் ஒன்று எப்பொழுதும் இருந்து வருகிறது; வாக்கீட்டாவைப் பற்றியும் அது கேட்டது. வலை வியாபாரத்துக்கு வசதியான குரல். வாக்கீட்டாவின் மரபணு அந்தக் குரலுக்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது.

இதற்கு நேர் எதிரான சாட்சி சீனத்திலிருந்து வருகிறது. யாங்ட்ஸி நதியில் வாழ்ந்த பைஜி என்னும் வெள்ளை டால்பினின் டி.க்யூ.பி. இடத்தை 2005-இல் சீன விஞ்ஞானிகள் சோதித்தபோது, நோய் நெருக்கடியால் காக்கப்பட்டு வந்த ஏராளமான வேற்றுமை அதில் காணப்பட்டது. வாக்கீட்டாவுக்கு இல்லாத செல்வம் அது. அடுத்த வருஷமே, 2006-இன் இறுதியில், இரண்டு கப்பல்களில் ஆறு வாரம் நதியைச் சல்லடை போட்டுச் சலித்தவர்களுக்கு ஒரு பைஜிகூடக் கண்ணில் படவில்லை, செவியிலும் படவில்லை. வூஹான் நகரத்தில் 22 வருஷம் தொட்டியில் வளர்ந்த ச்சி ச்சி என்ற ஆண் பைஜி 2002-லேயே இறந்துவிட்டிருந்தது. தூண்டில் வரிசைகளும், மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கும் மீன்பிடியும், கப்பல் போக்குவரத்தும், அணைகளும் சேர்ந்து கொன்ற அவ்வினத்தின் உடலில் நோயை அடையாளம் காணும் ஏந்திகள் பலவகை இருந்தன. கப்பலின் சுழல் விசிறியை அடையாளம் காணும் ஏந்தி எந்த உடலிலும் இல்லை.

அப்படியானால் இந்த மரபணு வேற்றுமையை அளப்பதால் என்ன லாபம்? அளந்ததனால் செயலில் இறங்கியவர்களை ஹவாய்த் தீவுகளில் காணலாம். அங்கே வாழும் துறவி சீல் என்னும் இனத்தில் சுமார் 1,600 பிராணிகளே இருக்கின்றன; அவற்றிடையே மரபணு வேற்றுமை, சோதிக்கப்பட்ட பாலூட்டிகளுக்குள் மிகக் குறைந்தவற்றுள் ஒன்று; திசுப் பொருத்தத் தொகுதியிலும் அப்படியே. அவற்றின் உறவினமான மத்தியதரைக் கடலின் துறவி சீல், மேற்கு ஸஹாராக் கரையில் 1997-இல் இரண்டே மாதங்களில் தன் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. வைரஸா, நச்சுப் பாசியா என்ற விவாதம் அறிஞரிடையே எழுந்தது. எதுவானாலும், ஒரு வாரக் காற்றில் ஓர் இனம் போய்விடலாம் என்பதற்கு அது போதிய எச்சரிக்கை. ஆகவே ஹவாயில் நோய் வருவதற்குக் காத்திராமல், 2016 முதல், நாய் டிஸ்டெம்பரைத் தடுக்கும் ஊசி மருந்தை, கரையில் படுத்துறங்கும் சீல்களுக்குச் சில வார இடைவெளியில் இரண்டு முறை போட்டு வருகிறார்கள். சுதந்திரமாகத் திரியும் கடற்பாலூட்டி இனம் ஒன்றுக்கு நோய் வருமுன் ஊசி போடுவதில் இதுவே முதல் முயற்சி. ஏந்தி வகைகளை நம்மால் படைத்துக் கொடுக்க முடியாது. இருக்கிற ஏந்திகளுக்கு எதிரியின் சாயலை முன்கூட்டிக் காட்டி வைக்க முடியும்.

அதே தீவுகளில் இந்த சீல்களைக் கொல்லும் மற்றொரு நோய்க்கு ஊசி இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற அந்த நுண்ணுயிர் தன் முட்டைகளை இடுவது பூனையின் குடலில் மட்டுமே. பூனை மலத்திலிருந்து மழை நீரோடு கடலுக்கு இறங்கி, சீலின் உடலில் புகுகிறது. ஐரோப்பியர் கப்பல்களில் வந்து இறங்கும்வரை அத்தீவுகளில் பூனையே கிடையாது. எந்த மூதாதையும் சந்தித்திராத கிருமியை அடையாளம் காணும் வடிவம் ஒரு சிறு கூட்டத்தில் தற்செயலாக இருந்தால்தான் உண்டு. அப்படி இல்லாதபோது, பூனைகளைத் தெருவில் விடாமல் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் கெஞ்சுவதே மருந்தாகிறது.

வளர்ப்பில் இருக்கும் அரிய பிராணிகளை இனப்பெருக்கம் செய்யும்போது திசுப் பொருத்தத் தொகுதியின் வடிவங்களைக் காப்பதையே பிரதான நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்று 1991-இல் ஆஸ்டின் ஹ்யூஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதினார். அக்கட்டுரைக்கு உடனே மறுப்புகள் கிளம்பின. ஒரு தொகுதியைக் குறி வைத்து ஜோடி சேர்த்தால் மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்களில் உள்ள வேற்றுமை கை நழுவிப் போகும் என்பது மறுப்பின் சாரம். மறுப்பவர்கள் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். நாளை வரப்போகும் நோய்க்கு எந்த மரபணு வேண்டியிருக்கும் என்று இன்று தேர்ந்தெடுக்கத் துணிவது சோதிடமே தவிர சாஸ்திரம் அன்று.

பலவகை மரபணுக்களைக் கொண்ட இனமும் சில சமயம் தப்புவதில்லை. 2023-இல் அர்ஜெண்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில், வடக்கத்திய உறவினரைவிட எவ்வளவோ மரபணு வளம் மிகுந்த தென் யானை சீல்களைப் பறவைக் காய்ச்சல் தாக்கியபோது, அந்தப் பருவத்தில் பிறந்த குட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல், சுமார் 17,000 குட்டிகள், மடிந்தன. அவ்வளவு வேகமான வைரஸின் முன் வேற்றுமை ஒரு தடுப்புச் சுவர் ஆகவில்லை. வேற்றுமையின் பயன் அந்த வருஷத்தில் தெரியாது; தப்பியவற்றின் சந்ததி அடுத்த முறை என்ன செய்கிறது என்பதில்தான் தெரியும். வட யானை சீல்களைப் பற்றி 2024-இல் வெளியான விரிவான ஆராய்ச்சியிலும், மரபணு வேற்றுமை குறைந்த தனிச் சீல்கள் மற்றவற்றைவிட அதிகமாக நோய்ப்படுகின்றன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதைக் கண்டு, ஏழ்மை தீங்கற்றது என்று முடிவு கட்டுவோர் அவசரப்படுகிறார்கள்; எல்லாமே ஏறக்குறைய ஒரே வடிவமாக இருக்கும் கூட்டத்தில் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு என்ன வித்தியாசம் காண முடியும்?

நம் கரையிலும் இப்படி ஒரு பிராணி இருக்கிறது. பாக் ஜலசந்தியிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவை, நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது; இந்தியாவிலேயே ஆவுளியாவுக்கு ஏற்பட்ட முதல் காப்பகம் அது. பத்து வயதை ஒட்டித்தான் பருவமடைந்து, ஓராண்டுக்கு மேல் கர்ப்பம் தாங்கி, ஒரே கன்றை ஈன்று, அடுத்ததற்குச் சில வருஷங்கள் எடுத்துக்கொள்ளும் பிராணிக்கு, வலையில் போகும் ஒவ்வொரு பெண்ணும் ஈடு செய்ய முடியாத நஷ்டம். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விட்ட மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி அளித்து வருகிறது. அறுந்த வலையின் முழு விலைக்கும் குறையாமல் அந்த வெகுமதி இருக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உயிரோடு இருக்கும் ஆவுளியாவிடம் ரத்தம் எடுப்பது எளிதன்று. செத்துக் கரை ஒதுங்கும் உடலே மரபணு ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் முக்கியமான ஆதாரம். அதுவும் வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் கெட்டுவிடும். கரையில் இறந்த ஆவுளியாவைக் காண்பவர்கள் அதைப் புதைத்துவிடாமலும், சட்டத்துக்கு அஞ்சி மறைத்துவிடாமலும், அன்றைக்கே வனத்துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தகவல் கொடுப்பவரைக் குற்றவாளிபோல விசாரிக்காமலிருப்பது அதிகாரிகளின் பொறுப்பு.